கேட்காமல் ஊற்றிய தண்ணீர்

ஏழு வருஷத்துக்கு முந்தி நடந்தது. அப்போது எனக்கு இருபது வயது. நடந்த ஊர் திருச்சி ஜில்லா குளத்தூர் தாலுகாவில், விராலிமலையிலிருந்து வண்டிப் பாதையில் நாலு மைல் உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் கிடையாது. நடந்துதான் போக வேண்டும். பங்குனி வெயிலில் அந்தப் பாதையில் நடந்து போனவர்களுக்கு நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் வேண்டியதில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் நர்ஸ் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. எங்கள் ஊர் மாதா கோவிலை ஒட்டிக் கன்னியாஸ்திரீகள் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தி வந்தார்கள். பிரசவம் பார்க்க அங்கே ஒரே ஒரு நர்ஸம்மா. சுற்றி இருந்த ஊர்களோ முப்பதுக்கு மேல். அதனால் எட்டாவது வரை படித்த பெண்கள் சிலரைச் சேர்த்து ஆறு மாதம் பழக்கினார்கள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடுகளுக்கு வாரம் ஒருமுறை போய் வர வேண்டும். கால் வீங்கியிருக்கிறதா, குழந்தை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். வலி கண்டதும் நர்ஸம்மாவுக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவர் வரும்வரை அந்தப் பெண்ணின் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. சுருக்கமாகச் சொன்னால் கூட இருப்பதுதான் வேலை. அவசரத்துக்குப் பிள்ளையை ஏந்திப் பிடிக்கவும் தொப்புள் கொடி கட்டவும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முதலில் மிதித்தவள் நான். அப்பா கிணறு வெட்டுகிறவர். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகைதான். வெள்ளைப் புடவையும் தோளில் பையுமாக நான் தெருவில் இறங்கினால், அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கும் பெருமை இல்லாமல் இல்லை. பையில் சோப்பு, புது பிளேடு, வேகவைத்துக் காயவைத்த நூல், ஒரு நோட்டுப் புத்தகம் எல்லாம் இருக்கும். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க ஊதல் மாதிரி ஒரு மரக்குழலும் இருக்கும். அந்தக் குழலைக் கையில் எடுத்தால் நான் டாக்டர் என்றே எனக்கு நினைப்பு.

நான் சொல்ல வந்த வீடு ஒரு குடியானவர் வீடு. முருகன் மேல் பக்தி உள்ள குடும்பம். புருஷன், பெண்சாதி, புருஷனின் அக்கா, மூன்றே பேர். அக்கா சின்ன வயசிலேயே தாலி இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். நாற்பது வயசு இருக்கும். பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தம்பி பெண்சாதிக்கு என் வயசுதான். அது அவளுக்கு மூன்றாவது கர்ப்பம். முதல் குழந்தை பிறக்கும்போதே உயிர் இல்லை. இரண்டாவது மூன்று நாள் இருந்தது.

முதல் நாள் நான் போனபோது அந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"கண்ணாலமே ஆகாதது பிள்ளப்பேறு பாக்க வந்துருக்கு. நல்லாத்தான் இருக்கு போ. வாங்க டீச்சரம்மா, இங்கிட்டு ஒக்காருங்க."

அந்த 'டீச்சரம்மா'வில் மரியாதை துளியும் இல்லை. நானும் விடவில்லை. கிணற்றில் விழாதவர்கள்தானே விழுந்தவர்களைத் தூக்க முடியும் என்றேன். உள்ளே இருந்து அந்தப் பெண் களுக்கென்று சிரித்தாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

சிரிக்கத் தெரிந்தவள்தான், ஆனால் பயம் அவளை உள்ளே தின்றுகொண்டிருந்தது. பிறக்கப்போகிற குழந்தைக்காக ஒரு துணிகூட எடுத்து வைக்க மாட்டாள். பழைய வேட்டியைக் கிழித்து, வேகவைத்து, வெயிலில் காயப் போடச் சொல்லிவிட்டு வருவேன். அடுத்த வாரம் கேட்டால் மழுப்புவாள். எடுத்து வைத்தால் இதுவும் தங்காது என்று அவளுக்கு நினைப்பு. நானே ஒரு நாள் உட்கார்ந்து துணிகளை மடித்து வைத்தேன். மறு வாரம் போய்ப் பார்த்தால் காணவில்லை. நெல் குதிருக்குள் ஒளித்து வைத்திருந்தாள்! தன் கண்ணில் படாமல் இருந்தால் போதுமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஏழாம் மாதம் ஒரு நாள் மரக்குழலை அவள் வயிற்றில் வைத்துக் கேட்டேன். எப்படி இருக்கிறது என்றாள். ரயில் வண்டி தூரத்தில் போகிற மாதிரி என்றேன். ரயிலை அவள் பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த நாத்தனாரைக் கூப்பிட்டு, நீங்களும் கேளுங்கள் என்று குழலை நீட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்து காதை வைத்தார். வைத்த காதை எடுக்கவே இல்லை. அரிசி பொங்கி அடுப்பு அணைகிற வாசனை வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. பிறகு எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்படிக்குப் போய்விட்டார். அடுத்த வாரத்திலிருந்து நான் போகும்போதெல்லாம் கை கழுவ வெந்நீர் தயாராக இருந்தது. பேச்சில் மட்டும் குறும்பு குறையவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. எங்கள் வேதத்தில் ஞானஸ்நானம் என்று உண்டு. குழந்தையின் நெற்றியில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரைச் சொல்லி, ஒரு புனிதரின் பெயரையும் வைத்து, அந்தக் குழந்தையை ஆண்டவரின் பிள்ளையாக்குவது. அதைச் செய்ய வேண்டியவர் எங்கள் கோவில் சாமியார். ஆனால் உயிர் போகிற நேரத்தில் சாமியாருக்காகக் காத்திருக்க முடியாது. அப்போது யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பழகின ஆறு மாதத்தில் அதையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தலையணையைக் குழந்தையாக வைத்துக்கொண்டு பழகினோம். எந்த வீட்டுக் குழந்தைக்கு, யாரைக் கேட்டு என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

குறித்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வழக்கம்போல நான் காலையில் நடந்து போனேன். போனால் வீடே கலவரமாக இருந்தது. விடியும்போதே வலி கண்டுவிட்டதாம். புருஷன் வண்டியைப் பூட்டிக்கொண்டு நர்ஸம்மாவைக் கூட்டிவரப் போயிருந்தான். நான் குறுக்கு வழியில் வந்ததால் வண்டி என் கண்ணில் படவில்லை. போக ஆறு மைல், வர ஆறு மைல். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்தவள் பிறகு விடவில்லை. இடுப்பைத் தேய்த்துவிட்டேன், நடக்க வைத்தேன், வலி விட்ட நேரத்தில் ஒரு வாய் கஞ்சி குடிக்க வைத்தேன். குதிருக்குள் இருந்த துணியை நாத்தனார் எடுத்து வந்தபோது மட்டும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. வண்டி வரவில்லை. பிள்ளை காத்திருக்கவில்லை.

ஆண் குழந்தை. என் கையில் வந்து விழுந்தது. அழவில்லை. நாவல்பழ நிறத்தில், ஈரத் துணி மாதிரித் துவண்டு கிடந்தது. விரலில் துணி சுற்றி வாயைத் துடைத்தேன். தலைகீழாகப் பிடித்தேன். முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைத் தட்டினேன். கற்றுக் கொடுத்தது எல்லாம் செய்தேன். ஒன்றும் இல்லை. நாத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பாயில் கிடந்தவள் ஏன் சத்தமே இல்லை என்று ஒரே ஒரு தரம் கேட்டாள்.

போய்விடும் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் குடிதண்ணீர்ச் சொம்பு இருந்தது. எடுத்தேன். குழந்தையின் நெற்றியில் ஊற்றினேன். எங்கள் கோவில் புனிதரின் பெயரைச் சொல்லி, மெல்லிய குரலில் அந்த வார்த்தைகளைச் சொல்லி, மறுபடி ஊற்றினேன். மூன்றாவது தரம் ஊற்றும்போது குழந்தை விக்கியது. ஒரு தும்மல். அப்புறம் அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஓர் அழுகை.

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, வேறொரு பிரசவத்தை முடித்துவிட்டு நர்ஸம்மா வந்தார். தாயையும் குழந்தையையும் பார்த்தார். மூச்சு இல்லாமல் இருந்தது, தண்ணீர் ஊற்றினேன் என்றேன். பச்சைத் தண்ணீர் பட்டதும் உடம்பு திடுக்கிட்டு மூச்சு வந்திருக்கும், நல்ல வேலை செய்தாய் என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் தலையாட்டினேன். குளிர்ந்த தண்ணீரோ, நான் தேய்த்த தேய்ப்போ, ஆண்டவரோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் மனசுக்குள் ஒரு பதில் இருக்கிறது. அது என்னோடு இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பிறந்த நேரம், மூச்சு வராமல் இருந்தது, தேய்த்தது எல்லாம் எழுதினேன். 'ஞானஸ்நானம் கொடுத்தேன்' என்று எழுதப் போன இடத்தில் கை நின்றுவிட்டது. அப்படிக் கொடுத்தால் சாமியாரிடம் சொல்லிக் கோவில் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். தாய் தகப்பன் பேர் கேட்பார்கள், அவர்களுக்குத் தெரியுமா என்றும் கேட்பார்கள். நோட்டை மூடி வைத்தேன். கோவிலிலும் சொல்லவில்லை, அந்த வீட்டிலும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் என் பேர் பரவிவிட்டது. நாத்தனார்தான் காரணம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒரு சொம்புத் தண்ணீரில் உயிரைக் கொண்டு வந்துவிட்டாள் என்று கிணற்றடியில், களத்துமேட்டில், எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார். இப்போது டீச்சரம்மா என்று அவர் கூப்பிட்டதில் கிண்டல் இல்லை. அடுத்த தெருவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் அம்மா என்னை வழிமறித்து, எங்கள் பெண்ணுக்கும் அந்தத் தண்ணீர் வைத்தியம் செய்ய வேண்டும் என்றார். ஒருத்தி எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்றே விசாரித்தாள். சிரிக்க வேண்டிய விஷயம். எனக்கு மட்டும் நெஞ்சில் முள் மாதிரி இருந்தது. வாரா வாரம் போனேன். குழந்தையை எடுத்துக் கொஞ்சினேன், எடை கூடியிருக்கிறது என்றேன், தாய்க்குப் பத்தியம் சொன்னேன். அதை மட்டும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பேர் வைத்துத் தொட்டில் போட்டார்கள். எனக்கும் அழைப்பு. போனதும் நாத்தனார் என்னை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவள் குழந்தைக்கு மை வைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டு வழக்கப்படி, குழந்தையின் காதில் மூன்று தரம் பேரைச் சொல்ல வேண்டியவர் அத்தை. அதாவது, இந்த நாத்தனார். பிள்ளையே பெறாத அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே உரிமை அது. அதை அவர் எனக்குக் கொடுத்தார்.

"நீ சொல்லு. ஒன் வாயால சொல்லு. நீ இல்லாட்டி பேரு வைக்கப் பிள்ள ஏது?"

என்ன பேர் என்றும் சொன்னார். முருகன் பேர். நான் குழந்தையை வாங்கினேன். வாயைக் காதருகே கொண்டுபோனேன். முடியவில்லை. இந்தக் காதில் நான் ஏற்கெனவே ஒரு பேரைச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை மறைத்துக்கொண்டு இவர்கள் பேரையும் நானே சொன்னால், அந்த வீட்டில் நான் இனி என்ன சொன்னாலும் பொய்தான்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊற்றியது வைத்தியம் இல்லை, எங்கள் ஞானஸ்நானம் என்றேன். அதன் அர்த்தத்தைச் சொன்னேன். வைத்த பேரையும் சொன்னேன். வெளியே மேளமும் பேச்சுமாக இருந்தது.

முதலில் பேசியது பெற்றவள்தான்.

"எனக்குத் தெரியுங்கக்கா. நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. அந்நேரம் எந்தச் சாமியக் கூப்பிட்டிருந்தாலும் எனக்குச் சம்மதந்தான். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒவ்வொரு வாட்டியும் வருவீங்க, பிள்ளையக் கொஞ்சுவீங்க, சொல்லாமப் போயிருவீங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவளுக்குத் துணை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது நாளாக அவள் தனியாக அதைச் சுமந்திருக்கிறாள்.

நாத்தனார் குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை, ஆனால் எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு முழத் தூரத்துல நின்னேன். ஒரு வார்த்த கேட்டா வேணாம்னா சொல்லியிருப்பேன்? காலுல விழுந்து செய்யச் சொல்லியிருப்பேன். ஒனக்குக் கேக்கணும்னே தோணல பாரு. இதுகளுக்கு என்னா தெரியும்னு நெனச்சுட்ட."

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அப்படித்தான் நினைத்திருந்தேன். உயிர் போகிற அந்த நேரத்தில் கேட்க அவகாசம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், பிறகு முப்பது நாள் இருந்ததே. என் அப்பா ரேகை வைத்த காகிதங்களை யாரும் அவருக்குப் படித்துக் காட்டியது கிடையாது. உனக்கென்ன தெரியும், வை என்பார்கள், வைப்பார். அந்தக் காகிதக்காரர்கள் மேல் நான் எத்தனை ஆத்திரப்பட்டிருக்கிறேன். எட்டாவது படித்ததும் நானும் அவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

பேரை நாத்தனாரே சொன்னார். மூன்று தரம், கூடத்தில் எல்லோர் முன்னாலும். ஏன் டீச்சரம்மா சொல்லவில்லை என்று யாரோ கேட்டதற்கு, அத்தை நான் இருக்கும்போது அவள் எதற்கு என்று முடித்துவிட்டார். உள்ளே நடந்ததை அன்றைக்கும் சரி, பிறகும் சரி, ஒரு ஈ காக்கைக்கும் அவர் சொன்னதில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். வாசலில் பிடித்துக்கொண்டார்.

"எங்க போற? எலையில ஒக்காரு. கோவம் வேற, சோறு வேற."

பக்கத்தில் நின்று அவரே பரிமாறினார். பாயசம் விடும்போது குனிந்து, நீ வைத்த பேரும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது எங்கள் வீட்டுப் பிள்ளை, தெரிந்துகொள் என்று காதோடு சொன்னார். தெரிந்துகொண்டேன் என்றேன். கண்ணீர் இலையில் விழாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

மறு ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் போய்ச் சொன்னேன். நீ ஊற்றியதை இனி யாரும் துடைக்க முடியாது, அதை வைத்து அந்தக் குழந்தையை யாரும் உரிமை கொண்டாடவும் முடியாது, நீ அவனுக்காக வேண்டிக்கொள் என்று மட்டும் சொன்னார். வேண்டிக்கொள்கிறேன். அந்த வீட்டுக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னைக் கூப்பிடுவார்களா என்ற கவலை எனக்கு இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை வேளையில் அவர்கள் வண்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த பையனுக்குத் தலையெல்லாம் புது முடி. விராலிமலையில் போய் மொட்டை போட்டிருக்கிறார்கள். அவளுக்கு மறுபடி வலி கண்டிருக்கிறது என்றார்கள். நர்ஸம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே வாசலிலேயே நாத்தனார் என்னை நிறுத்தினார். வா, ஆனால் எது செய்தாலும் கேட்டுச் செய் என்றார்.

உள்ளே போனேன். மடித்த துணிகள் இந்தத் தடவை அவள் தலைமாட்டிலேயே இருந்தன. என் கையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பைத் தேய்த்துவிட்டபடி, உனக்காக நான் ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் அப்படிக் கேட்கிறேன். சொல்லவே கூச்சமாக இருந்தது. அத்தனை வலியிலும் அவள் சிரித்துவிட்டாள்.

"இம்புட்டு நேரம் அதப் பண்ணாம வேற என்னா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

கதவோரம் வெந்நீரோடு நின்ற நாத்தனார் சொன்னார். "சத்தமாச் சொல்லு. என்னா சொல்றன்னு எங்களுக்கும் தெரியட்டும்."

சத்தமாகச் சொன்னேன். எளிமையான தமிழில், அவர்களுக்குப் புரிகிற மாதிரி. நாத்தனார் நடுவில் முருகனையும் கூப்பிட்டுக்கொண்டார். நர்ஸம்மா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் குழந்தை. பிறந்ததும் அழுதது.

இப்போதும் அதே வேலைதான் பார்க்கிறேன். எந்த வீட்டிலும் ஜெபத்துக்கு முன்னால் கேட்டுவிடுகிறேன். சரி என்பவர்கள் உண்டு, வேண்டாம் என்பவர்களும் உண்டு. வேண்டாம் என்ற வீடுகளில் வாயைத் திறக்காமல் அந்தப் பெண்ணின் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுவும் ஆண்டவருக்குக் கேட்கிற ஜெபம்தான் என்று எனக்குப் படுகிறது.